நாலாவது போல்ட்

எழுபதைத் தாண்டியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களால் ஒரே இடத்தில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிகிறதா? என்னால் முடியவில்லை. டாக்டர் இரும்புச்சத்து போதவில்லை என்கிறார். மகன் சிங்கப்பூரிலிருந்து யோகா செய்யச் சொல்கிறான். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது ஒரு ஆனி மாதம் வந்தது. அந்த மாதம் காலில் ஏறிய பரபரப்பு இன்னும் இறங்கவில்லை. ஒரு விஷயத்தை வெளியில் சொல்லாமல் அறுபது வருஷத்துக்கு மேல் அடக்கி வைத்தால் கால் எப்படிச் சும்மா இருக்கும்? போன மாதம்தான் அதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னேன். அதனால் இனி உங்களிடமும் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. இருந்தது என்றால் ஓடியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வைக்கோல் கொட்டகையின் ஒரு பாதியில் நின்றது. தாத்தா நெல் நல்ல விலைக்குப் போன காலத்தில் மெட்ராஸிலிருந்து வாங்கி வந்த சீமைக் கார். அந்தக் காலத்தில் ராஜாக்களும் ஜமீன்தார்களும் வைத்திருந்த ஜாதி. ஆறு சிலிண்டர். எஞ்சினை மூடும் முன்மூடி எவ்வளவு நீளம் என்றால், ஒரு ஆள் அதன்மேல் கால் நீட்டிப் படுக்கலாம், நான் படுத்திருக்கிறேன். பின் இருக்கைக்குச் சிவப்புத் தோல். அதில் கோழிகள் முட்டையிட்டன. எனக்குத் தெரிந்த வரையில் அந்தக் காரால் வீட்டுக்குக் கிடைத்த ஒரே பலன் அந்த முட்டைகள்தான்.

அது ஏன் நின்றுபோனது என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கண் பட்டுவிட்டது என்பார்கள். தாத்தா வாய்க்கால் கரையில் முரட்டுத்தனமாக ஓட்டினார் என்பார்கள். எஞ்சினைத் தாங்கும் கால்களில் ஒன்று உடைந்துவிட்டது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அது ஏன் உடைந்தது என்று கேட்ட முதல் ஆள் என் அத்தை.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது அவளுக்குப் பதினேழு. தாத்தா போன பிறகு அப்பாதான் அவளுக்கு எல்லாம். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.யு.சி. முடித்து, முதல் வகுப்பில் தேறி வந்திருந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை, பெட்டிக்குள் இன்ஜினீயரிங் காலேஜ் விண்ணப்பப் பாரம் ஒன்றைக் கொண்டு வந்தாள். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் காப்பாளர் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலி.

அப்பா சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும் நேரம் பார்த்து அதை நீட்டினாள். அப்பா படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பொம்பளப்புள்ள இன்ஜினீயருக்குப் படிச்சு எந்த ஆத்துல பாலம் கட்டப்போற?"

"பாலம் இல்லண்ணே. மெக்கானிக்கல். எஞ்சின், மெஷின் அதெல்லாம்."

"கையில கிரீசைத் தடவிக்கிட்டு நிக்கிற படிப்பா? நல்லா இருக்கு!" என்றவர், கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். "அப்பா வாங்கின வண்டி அங்க கோழி அடைஞ்சு கிடக்கு. அதை ஓட வச்சு, மன்னார்குடி போயிட்டுத் திரும்பி வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்து. அன்னிக்கே கையெழுத்துப் போடுறேன். என்ன, சரியா?"

கணக்குப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். அவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "பேச்சு மாறக்கூடாதுண்ணே" என்றாள். பாரம் போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதிக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது. அன்று மத்தியானமே அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் போய் முதலில் கோழிகளை விரட்டினாள்.

அது ஆற்றில் தண்ணீர் வராத சமயம். மேட்டூரில் திறந்துவிட்டதாகப் பேப்பரில் வந்தது. எங்கள் வாய்க்காலுக்கு வந்தபாடில்லை. வாய்க்கால் மணலில் நாங்கள் பாண்டி ஆடினோம். ஊரே தண்ணீருக்காகப் பொறுமையிழந்து கரையில் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நாற்றங்காலுக்கு விதைநெல் வைக்கோல் கோட்டையில் காத்திருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய அவசரம் கொட்டகையில். அடுப்படிக்கும் கொட்டகைக்கும் நாளைக்கு நாற்பது தடவை ஓடினேன். அத்தை எனக்கு வைத்த பேர் வாலு.

மன்னார்குடி லாரிப் பட்டறையிலிருந்து மேஸ்திரி ஒருவரை அப்பாவே வரவழைத்துக் கொடுத்தார். அதையும் சொல்லியாக வேண்டும், அப்பா கெட்டவர் இல்லை. நடக்காது என்று நிச்சயமாகத் தெரிந்த காரியத்துக்கு அவர் தாராளமாக உதவுவார். மேஸ்திரிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சைக்கிளில் வந்து இறங்கி, எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உடைஞ்ச காலுக்கு ஒரு இரும்புப் பட்டை அடிச்சு நாலு போல்ட்டையும் முறுக்கிட்டா முடிஞ்சுது" என்றார்.

"திரும்ப உடையும் மேஸ்திரி" என்றாள் அத்தை.

காரின் டூல் பெட்டியில் ஒரு கைப்புத்தகம் இருந்தது. ஓரமெல்லாம் கரையான் தின்றது. அதை அவள் நான்கு நாள் இராப்பகலாகப் படித்திருந்தாள். அதன் கடைசி அட்டையில் கம்பெனிக்காரன் பிற்பாடு அச்சடித்து அனுப்பிய துண்டுச்சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அடுத்து வந்த வண்டிகளில் எஞ்சினின் முன்கால் இரண்டையும் எடுத்துவிட்டு, முன்பக்கம் நடுவில் ஒரே இடத்தில் உட்கார வைத்திருக்கிறோம் என்று அதில் இருந்தது. ஏன் என்று எழுதவில்லை. அந்த ஏனைத்தான் அத்தை யோசித்துக் கண்டுபிடித்தாள். வேறு யாரும் சொல்லித் தரவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

மேஸ்திரிக்குப் புரியவைக்க வீட்டிலிருந்து ஒரு நாற்காலியும், பால் கறக்க உட்காரும் முக்காலியும் என்னைக் கொண்டுவரச் சொன்னாள். கொட்டகைத் தரை மேடும் பள்ளமும். நாற்காலியைப் போட்டாள். ஒரு கால் அந்தரத்தில் நின்று கடகடவென்று ஆடியது. முக்காலியைப் போட்டாள். ஆடவில்லை. இடம் மாற்றிப் போட்டாள், அப்போதும் ஆடவில்லை.

"இந்த வண்டிக்கு அடியில ரெண்டு நீளச் சட்டம் இருக்கு. ரோட்டுல ஒரு சக்கரம் மேட்டுல ஏறி ஒண்ணு பள்ளத்துல இறங்கினா சட்டம் ரெண்டும் துணி பிழியற மாதிரி முறுக்கும். எஞ்சின் நாலு மூலையிலயும் அந்தச் சட்டத்தோட போல்ட் போட்டுக் கட்டியிருக்கு. சட்டம் முறுக்கும்போது அதுவும் முறுக்கணும். எஞ்சினோட காலு அலுமினியம். அது முறுக்குமா? உடையும். மூணே இடத்துல உட்கார்ந்திருந்தா சட்டம் எப்படி வேணா முறுக்கட்டும், எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாது."

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "அது சரிதாம்மா. மாட்டுக்கு நாலு கால்தானே?"

"மாட்டுக்கு முட்டி இருக்கு மேஸ்திரி. இதுக்கு இல்ல."

அன்றிலிருந்து மேஸ்திரி அத்தை சொன்னதற்கு எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. பட்டறையில் கழித்துப்போட்ட லாரிச் சட்டம் ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து முன்பக்கம் குறுக்கே வைத்துப் பொருத்தினார். லாரி டயரை வில்லைகளாக அறுத்து எஞ்சின் உட்காரும் இடத்தில் மெத்தை கொடுத்தார்கள். பின்கால் இரண்டும் பழையபடி. ஆக மூன்று. முன்பக்கத்தில் உடையாத வலதுகால் ஒன்று மிச்சம் இருந்தது. அதை அறுத்து எடுக்கப் போகும்போது ரம்பத்தின் தகடு ஒடிந்தது. "அது சும்மா தொங்கட்டும், எதையும் தொடலையே" என்று அத்தை விட்டுவிட்டாள். அந்தக் காலின் ஓட்டையும் சட்டத்தின் ஓட்டையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் காலியாக நின்றன.

எஞ்சின் முதல் தடவை கிளம்பிய நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஊரே ஓடி வந்தது. ஆனால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியதும் மொத்த வண்டியும் ஜுரம் கண்டதுபோல நடுங்கியது. மேஸ்திரி பயந்து அணைத்துவிட்டார். ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குள் ஓடும் நீளமான தண்டு தனக்குத்தானே முறுக்கிக்கொள்வதால் வரும் நடுக்கம் அது. அதை அடக்க அந்தத் தண்டின் மூக்கில் ஒரு சின்னச் சக்கரம் வைத்திருந்தான் அந்தக் காலத்துக்காரன். துருப்பிடித்து அது தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதை இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்றி, தேய்த்து, திரும்ப மாட்டினாள். மறுபடி கிளப்பியபோது முன்மூடி மேல் வைத்த டம்ளர் தண்ணீர் தளும்பவில்லை. அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். அவள் கையிலிருந்த கிரீஸ் என் பாவாடையில் அப்பியது, கடைசிவரை போகவில்லை.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள், மூன்றாம் மாதம். எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போயிருந்தன. வாந்தியெடுத்து எடுத்து நாராகியிருந்தாள். அப்பாவிடம் பயம் வேறு. ஒரு தடவை விருந்தாளிகள் முன்னால் குழம்பில் உப்பு தூக்கலாகப் போய்விட்டது என்று அப்பா அவளைப் பட்டுக்கோட்டையில் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு மூன்று மாதம் கூப்பிடவில்லை. உப்புக்கு மூன்று மாதம்! அந்த மூன்று மாதமும் அத்தைதான் எனக்குத் தலைவாரி விட்டாள். அத்தைதான் ஒருநாள் சாப்பிடாமல் கிடந்து அண்ணனை அனுப்பி அம்மாவைக் கூட்டிவர வைத்தாள். அதனால் அம்மாவுக்கு நாத்தனார் என்றால் உயிர். "எங்க வூட்டுப் பொண்ணு காலேஜுக்குப் போவணும்" என்று குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள்.

அந்த அம்மாவுக்கு மூன்று என்ற எண் ஆகவே ஆகாது. தட்டில் மூன்று இட்லி வைக்கமாட்டாள்; போதும் போதும் என்று நாம் கத்தினாலும் நாலாவதில் ஒரு விள்ளலாவது பிட்டு வைப்பாள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பவிடமாட்டாள். நானும் இரண்டு தோழிகளும் பரீட்சைக்குப் போகும்போது என் பையில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, "இதோட நாலு" என்பாள். நம்மில் பலர் வீட்டில் இது உண்டு, சிரிக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள். அத்தையும் மேஸ்திரியும் பெட்ரோல் குழாய் ஒன்று வாங்க மன்னார்குடிக்குப் பஸ்ஸில் போயிருந்தார்கள். நான் அடுப்படியில் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்து எனக்குத் தெரிந்த இன்ஜினீயரிங்கை எல்லாம் அளந்துகொண்டிருந்தேன். நாற்காலி ஆடியது, முக்காலி ஆடவில்லை, எஞ்சின் இப்போது மூன்று காலில்தான் நிற்கிறது என்று சொன்னேன். நான்தான் சொன்னேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எத்தனை கால்ல?"

"மூணு."

"நல்ல காரியத்துக்குப் போற வண்டியா மூணுல நிக்குது?"

வாந்தியையும் மசக்கையையும் மறந்து கொட்டகைக்கு வந்தாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். அந்தக் காலி ஓட்டை அவள் கண்ணில் பட்டுவிட்டது. "நாலுக்குத்தான் ஓட்டை போட்டு அனுப்பியிருக்கான். இவங்க அவசரத்துல ஒண்ணை வுட்டுட்டாங்க" என்றாள். என்னை அனுப்பி ஆசாரியை அழைத்துவரச் சொன்னாள். ஆசாரி நல்ல வேலைக்காரர், கலப்பைக்கு அவர் அடித்த கொழு ஊரில் இன்றும் இரண்டு வீட்டில் இருக்கிறது. இடைவெளியில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, கட்டைவிரல் தடிமனில் ஒரு போல்ட்டை இறக்கி, ஆள் தொங்கி முறுக்கினார். அம்மா அதற்கு ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தாள். பிறகு அதன்மேல் கிரீஸைத் தடவச் சொன்னாள்.

"அத்தைகிட்ட சொல்லாதடி. படிச்ச பொண்ணு, சிரிக்கும்."

இது தப்பு என்று எனக்கு அப்போதே பட்டது. முக்காலியைப் பார்த்தவள் நான். ஆனால் அம்மா சொன்னால் அம்மா சொன்னதுதான். இருட்டிய பிறகு கடைசி பஸ்ஸில் வந்த அத்தையின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் கிளம்பினோம். மேஸ்திரி ஓட்டினார். பக்கத்தில் அப்பா. பின்னால் அத்தை. நான் எதற்குப் போனேன் என்றால், மூன்று பேராகப் போகக்கூடாதே, அதற்காக. அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுங்குகிறவரை நின்று பார்த்தாள். அத்தை மடியில் அந்தப் பாரம், அந்தக் கைப்புத்தகத்துக்குள் மடித்துச் செருகியிருந்தது.

ஓடியது. உங்களுக்கு நம்பிக்கை வராது, அவ்வளவு நன்றாக ஓடியது. எட்டு மைல். வழியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் துரத்திக்கொண்டு வந்தார்கள். மன்னார்குடித் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, ஒரு காபி கிளப் முன்னால் நிறுத்தினோம். அப்பாவுக்குத் தெரிந்த மிராசுதார்கள் இரண்டு பேர் எழுந்து வந்து, "அப்பா வண்டியா? உசுரு குடுத்துட்டீங்களே!" என்றார்கள். அப்பா முதலில் மீசையைத் தடவினார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத வார்த்தை ஒன்றைச் சொன்னார்.

"நான் இல்ல. நம்ம பாப்பா பண்ணினது."

அத்தை காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றாள். அப்பா பேனாவை இப்போதே எடுத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. சட்டைப்பையில் கையும் போனது. அப்புறம், "வீட்டுக்குப் போயிடலாம். வாசல்ல நிறுத்தினப்புறம் போடுறேன், அதான் பேச்சு" என்றார். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எழுந்து நடக்க வேண்டும் போலிருக்கிறது.

வீட்டுக்கு இன்னும் ஒரு மைல். வாய்க்கால் கரை. எதிரே எருவண்டி ஒன்று வந்தது. மேஸ்திரி இடப்பக்கம் ஒதுங்கினார். இடது முன்சக்கரம் கரைச் சரிவில் இறங்கியது, வலது சக்கரம் மேட்டில் நின்றது. வண்டி அப்படியே முறுக்கிக்கொண்டது. டக் என்று ஒரு சத்தம், விறகு ஒடிவது மாதிரி, அவ்வளவுதான். அதன் பிறகு எஞ்சின் கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது. கீழே எண்ணெய் கொட்டி மணலில் பரவியது.

மேஸ்திரி மாடு கொண்டுவர ஊருக்குள் ஓடினார். அப்பா தள்ளிப்போய்ப் பூவரச மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அத்தை ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து போனாள். ரொம்ப நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது புடவையெல்லாம் எண்ணெய். நேரே மதகுக்குப் போனாள். காய்ந்த வாய்க்காலில் மதகடியில் மட்டும் ஒரு குட்டை தேங்கியிருந்தது. அதில் குனிந்து கையைக் கழுவினாள். பிறகு அண்ணனிடம் போய் நின்றாள்.

"கணக்கு தப்பாப் போச்சுண்ணே. பழைய கால்லயே விரிசல் இருந்திருக்கு. நான் பார்க்கலை."

அப்பா திரும்பினார். அவர் கண்ணில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. அது எனக்கு இப்போது புரிகிறது. "மூணு கால்ல நிக்கும்னு சொன்னா எப்படி நிக்கும் பாப்பா? நாலு வச்சவன் முட்டாளா?" என்றார். மாட்டோடு திரும்பி வந்த மேஸ்திரி வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார். எழுந்து அத்தையைப் பார்த்தார். அத்தை தலையை மட்டும் அசைத்தாள். அவர் போய் நுகத்தடியில் கயிற்றைக் கட்டினார்.

நாலு நாள் கழித்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஊர் முழுக்கக் கூச்சல். பாரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. ஆவணியில் அத்தைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, குடவாசலில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டில். வண்டியின் அடிச்சட்டம் டிராக்டருக்குப் பின்னால் நெல் மூட்டை ஏற்றும் டிரெய்லராகிப் பல வருஷம் உழைத்தது. சிவப்புத் தோல் இருக்கையைக் கொஞ்ச நாள் நாய் வைத்திருந்தது.

தை மாதம் தம்பி பிறந்தான். நன்றாக வளர்ந்தான். பதினேழு வயதில் அவனும் ஒரு பாரத்தை நீட்டினான், அதே படிப்பு. அப்பா காபியைக் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். படித்துக்கூடப் பார்க்கவில்லை. தம்பி எந்த வண்டியையும் எந்த ஊருக்கும் ஓட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வருஷம் லீவில் வந்தபோது ஒரு தாளில் படம் போட்டு எனக்குப் பாடம் எடுத்தான். "பாருக்கா, எஞ்சினை மூணு பாயின்ட்ல வச்சா சேஸிஸ் எப்படி முறுக்கினாலும் பாதிக்காது. நாலாவதா ஒண்ணை இறுக்கினே, அது முதல்ல பிய்ச்சுக்கும்." நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அக்காவுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அம்மா கடைசிவரை வேறு மாதிரி நம்பினாள். "நாலாவது போல்ட்டை மட்டும் நான் போடலேன்னா அன்னிக்கு உங்க உசுரே போயிருக்கும்டி" என்று என் காதோடு சொல்வாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் காக்கிற பெருமை போல. நான் எப்படி அவளிடம் உண்மையைச் சொல்வேன்? சொல்லவில்லை. போன வருஷம் அம்மா தொண்ணூற்றுச் சொச்சத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து, வருஷமும் திரும்பிய பிறகு, நானே காரை ஓட்டிக்கொண்டு குடவாசலுக்குப் போனேன். ஐம்பது வயதில் கற்றுக்கொண்டேன், இன்னும் ஓட்டுகிறேன். மகனுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அத்தைக்கு எண்பது. காது கூர்மை, கண்தான் மங்கல். மில்லை மூடிப் பல வருஷம் ஆகிறது. முறுக்குத் தட்டை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, "உட்காரேன் வாலு, எதுக்கு நடந்துக்கிட்டே இருக்கே?" என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அடுப்படி, கரண்டி, ஆசாரி, குங்குமம், கிரீஸ். "நான்தான் உளறினேன் அத்தே. நான் உளறாம இருந்திருந்தா நீங்க படிச்சிருப்பீங்க."

அவள் முறுக்கை ஒடித்து வாயில் போட்டு மென்றாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அடியில போனவுடனே தெரிஞ்சுபோச்சு. ஒடிஞ்ச காலு போல்ட்டோட சட்டத்துலயே நின்னுச்சு. தொடைச்சுப் பார்த்தேன், குங்குமம். எங்க வூட்டுல எஞ்சினுக்குப் பொட்டு வைக்கிற ஆளு யாரு? கழட்டி மதகுக் குட்டையில போட்டுட்டேன்."

எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "ஏன் அத்தே? அந்தப் போல்ட்டை அப்பாகிட்ட காட்டியிருந்தா உங்க கணக்கு சரின்னு ஆயிருக்குமே. கையெழுத்துப் போட்டிருப்பாரே!"

"போட்டிருப்பாரு. அப்பறம் உங்கம்மாவைப் பட்டுக்கோட்டையில கொண்டுபோயி வுட்டிருப்பாரு. உப்புக்கே மூணு மாசம். அப்பா வண்டிக்கு எத்தனை மாசம்? ரெண்டு புள்ளை தங்காத வயிறு. வழியில அதுவும் போயிருந்தா?" இன்னொரு முறுக்கை எடுத்தாள். "மரத்தடிக்கு நடந்து போறதுக்குள்ள யோசிக்கணும். இருபது தப்படி இருக்கும். யோசிச்சுட்டேன்."

"கோபம் வரலையா?"

"வராம என்ன? உன் தம்பி காலேஜ்ல இடம் கிடைச்சுதுன்னு ஸ்வீட் எடுத்துக்கிட்டு வந்தான். 'அத்தே, மெக்கானிக்கல்'னான். வாங்கி வாயில போட்டுக்கிட்டேன். அவன் போனப்புறம் மில்லுக்குள்ள போயி உட்கார்ந்துக்கிட்டேன். எஞ்சின் ஓடுற சத்தத்துல அழுதா வெளியில கேக்காது." பிறகு என் கன்னத்தைத் தட்டினாள். "அவன் மேல என்ன தப்பு? உன் மேலதான் என்ன தப்பு? பத்து வயசு."

நான் அழுதேன். அவள் அழவில்லை, முறுக்குத் தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். நான் காரைக் கிளப்பினேன். அவள் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொன்னாள். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"எஞ்சினுக்கு அடியில ரப்பர் ஒண்ணு போயிருக்கு. நிக்கும்போது நடுங்குது பாரு. பின்பக்கத்துதுன்னு நினைக்கிறேன். வழியில எங்கயாவது காட்டிட்டுப் போ."

மன்னார்குடியில் ஒரு பட்டறையில் காட்டினேன். பட்டறைக்காரர் காரைத் தூக்கி நிறுத்தி, விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். "ஆமாம்மா. எஞ்சின் மூணு இடத்துல உட்கார்ந்திருக்கு. பின்பக்க ரப்பர் கிழிஞ்சிருக்கு."

"மூணுலதானா?"

"இந்த மாதிரி வண்டி எல்லாத்துலயும் அப்படித்தாம்மா" என்றவர், கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நானே தூக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க அத்தை சொன்னாங்க. வாசல்ல நின்னு சத்தத்தைக் கேட்டே சொல்லிட்டாங்க."

"அவங்க என்ன இன்ஜினீயரா?"

"ஆமாம்" என்றேன்.